கரியடுப்பின் விலையும் மதிப்பும்

விலை வேறு, மதிப்பு வேறு. கடைக்காரர் கேட்பது விலை. வாங்கிய பொருள் நாள்தோறும் நமக்குத் தருவது மதிப்பு. விலையை ஒரே முறை எண்ணிக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறோம். மதிப்பையோ ஆண்டுக் கணக்கில் வைத்துப் பழகியே அறிகிறோம். இவ்வேறுபாட்டை விளக்கப் பொருளியல் ஆசிரியர்கள் வைரத்தையும் தண்ணீரையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆயின் நம் அடுக்களை மூலையில் நேற்று வரை இருந்த ஓர் எளிய பொருள் அவ்விரண்டையும்விடத் தெளிவாக இப்பாடத்தைக் கற்பிக்க வல்லது. கையால் தூக்கி எடுத்துச் செல்லத்தக்க சிறிய மண் கரியடுப்பே அப்பொருள்.

அரசர்களின் போர்களை எழுதியவர்கள் அடுப்பின் வரலாற்றை எழுதவில்லை. அதனால் அடுப்புக்கு வரலாறு இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் கொல்கத்தா நகரத்தின் நிலக்கரி வாணிகம், புகைச் சட்டம், இருப்புப் பாதை, குடிக்கூலி வீடு ஆகிய அனைத்தோடும் பின்னிக் கிடக்கும் வரலாறு அது. கீழை ஆப்பிரிக்காவிலும் ஜப்பானிலும் அதற்கு உறவினர் உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, ஓர் அடுப்பின் மதிப்பை எவ்வாறு அளப்பது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குமுட்டியும் கரியும்

தமிழ்நாட்டில் இதற்குக் குமுட்டி அடுப்பு என்று பெயர். கும்முட்டி என்பாரும் உண்டு. மேலே தணல் தங்கும் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் துளைகள். துளைகளின் கீழே சாம்பல் விழும் அறை. அவ்வறைக்குப் பக்கவாட்டில் ஒரு வாய். அவ்வாய்க்கு நேரே பனையோலை விசிறியால் வீசினால் காற்று உட்புகுந்து, துளைகளின் வழியே மேலேறித் தணலைக் கனற்றும். வாயை அடைத்தால் தணல் அடங்கிக் கிடக்கும். இவ்வளவுதான் அதன் அமைப்பு. காற்றைக் கூட்டியும் குறைத்தும் நெருப்பை ஆளும் இந்த நுட்பம், இன்று பெருவிலைக்கு விற்கும் அடுப்புகளிலும் மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

நெருப்பைக் கலத்தில் வைத்துப் பேணும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, வாடைக்காலத்தில் தீக்காய உதவும் ‘தடவு’ என்னும் நெருப்புக் கலத்தைக் குறிக்கிறது. பிற்காலத்தார் அதனை ‘இந்தளம்’ என்றனர். குளிர்காய்வதற்கு உதவிய கலம் சமையலுக்கும் துணையாயிற்று. பெரிய சமையலுக்கு விறகடுப்பும் கோட்டையடுப்பும் இருந்தன. விடியற்காலைக் காப்பிக்கும், அப்பளம் சுடுவதற்கும், இரவில் குழந்தைக்குப் பால் காய்ச்சுவதற்கும், சாம்பிராணி போடத் தணல் எடுப்பதற்கும் குமுட்டி இருந்தது. சிறு பணிக்குச் சிறு நெருப்பு என்பது சிக்கனத்தின் முதல் விதி அன்றோ?

ஆயினும் கரி மலிவான பொருள் அன்று. மூட்டம் போட்டு ஒரு கிலோ கரி எடுப்பதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு கிலோ விறகு வேண்டும். எடைக்கு எடை ஒப்பிட்டால் கரி விறகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வெப்பம் தரும் என்பது உண்மை. எனினும் விறகில் இருந்த வெப்பத்தின் பெரும்பகுதி மூட்டத்திலேயே கழிந்துவிடுகிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுவோரைக் கண்டவர்களுக்கு, ஒரு மூட்டைக் கரிக்குப் பின்னால் எவ்வளவு மரமும் உழைப்பும் கரைந்திருக்கின்றன என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின், கரியை வீணாக்கும் அடுப்பு எத்துணை மலிவாகக் கிடைத்தாலும் மலிவான அடுப்பாகாது.

நிலக்கரி நகரம்

கொல்கத்தாவின் அடுப்பு வரலாறு மரக்கரியினும் நிலக்கரியையே பெரிதும் சார்ந்தது. 1774-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த சம்னர், ஹீட்லி என்னும் இருவர் இராணிகஞ்சுப் பகுதியில் நிலக்கரி தோண்டத் தலைப்பட்டனர். 1836-இல் மகாகவி இரவீந்திரநாதரின் பாட்டனாராகிய துவாரகாநாத் தாகூர் இராணிகஞ்சுச் சுரங்கத்தை வாங்கினார். 1854-இல் ஹௌராவிலிருந்து புறப்பட்ட கிழக்கிந்திய இரயில், மறு ஆண்டிலேயே இராணிகஞ்சை எட்டியது. அதுமுதல் கரி இந்நகரத்தின் வாயிலுக்கே வந்து குவிந்தது. சணல் ஆலைகளுக்கும் நீராவிக் கப்பல்களுக்கும் போக எஞ்சியது அடுக்களைக்குள் புகுந்தது. தென்னாட்டு விறகடுப்பை விட்டு இங்கு வந்தவர்களுக்கு நிலக்கரியில் சமைக்கும் நகரம் ஒரு புதுமையாகவே தோன்றியிருக்கும்.

வங்கத்தார் அடுப்பை ‘உனுன்’ என்பர். தரையோடு தரையாக மண்ணால் கட்டிய உனுன் ஒருவகை. தூக்கிச் செல்லத்தக்க ‘தோலா உனுன்’ மற்றொரு வகை. இப்பின்னதே நம் குமுட்டியின் வங்க உடன்பிறப்பு. அதனைச் செய்யும் முறை கருதத்தக்கது. பழைய இரும்பு வாளி ஒன்றை எடுத்துக்கொள்வர். அடிப்பக்கத்தில் சாம்பலுக்கும் காற்றுக்குமாக ஒரு வாய் வெட்டுவர். நடுவே இரும்புக் கம்பிகளைக் குறுக்காகச் செருகுவர். உட்புறம் முழுவதும் உமியும் சாணமும் கலந்து பிசைந்த களிமண்ணைக் கனமாக அப்புவர். விளிம்பின்மீது பாத்திரம் அமர மூன்று குமிழ்களை எழுப்புவர். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் அடுப்பு ஆயத்தம். இரும்பு தூக்குவதற்கு, மண் வெப்பத்தைக் காப்பதற்கு. இரண்டின் குணத்தையும் அறிந்து இணைத்த அறிவை என்னென்பது!

காலையிலும் மாலையிலும் இவ்வடுப்பை முற்றத்திலோ மாடியிலோ தெருவோரத்திலோ வைத்து, அடியில் வரட்டியும் சிராய்த்தூளும் இட்டு, மேலே நிலக்கரியைப் பரப்பி மூட்டுவர். முதலில் எழும் புகை அடங்கிக் கரி சிவந்த பின்னர், கைப்பிடியைப் பற்றி உள்ளே எடுத்துச் செல்வர். தூக்கத்தக்கதாய் இருத்தலின் பெரும்பயன் இதுவே. ஓரறையில் குடியிருந்த ஏழைக் குடும்பத்துக்கு அவ்வாளியின் கைப்பிடிதான் புகைபோக்கி.

கரித்தூளையும் வீணாக்கியதில்லை. அதனைக் களிமண்ணோடோ சாணத்தோடோ பிசைந்து உருண்டைகளாகப் பிடித்து வெயிலில் உலர்த்துவர்; அதற்குக் ‘குல்’ என்று பெயர். கடைக்காரர் கழித்த தூள் அடுக்களைக்கு எரிபொருளாயிற்று. இவ்வுருண்டையின் விலையில் பிடித்த கையின் கூலி சேர்வதில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். அடுப்புக்கு மண் அப்பியதும், குல் பிடித்ததும், வரட்டி தட்டியதும் பெரும்பாலும் பெண்களின் கை. விலைப் பட்டியல் எதிலும் ஏறாத உழைப்பு அது.

புரட்டாசி மாதத் தொடக்கத்தை ஒட்டி, வங்க நாட்காட்டியின் பாத்ர மாத இறுதியில், விசுவகருமா பூசைநாளை ஒட்டி வரும் ‘அரந்தன்’ விழாவை நம்மிற் பலர் அறிவர். அன்று வங்க இல்லங்கள் பலவற்றில் அடுப்பு மூட்டுவதில்லை. முந்தைய இரவே சமைத்து வைத்துக்கொண்டு, அடுப்பைத் தூய்மை செய்து கோலமிட்டு வழிபட்டு, அதற்கு ஒருநாள் ஓய்வளிப்பர். பொங்கலுக்குப் புது மண்ணடுப்பும் புதுப்பானையும் வாங்கும் மரபில் வந்த நமக்கு இவ்வழிபாட்டின் பொருள் எளிதில் விளங்கும். அடுப்பின் மதிப்பை விலையால் மட்டும் அளந்திருந்தால் இரண்டு நாட்டாரும் அதன்முன் கைகூப்பியிருக்க மாட்டார்கள்.

புகைக்கு ஒரு சட்டம்

மதிப்பைப் பற்றிப் பேசும்போது மாசையும் பேசியாக வேண்டும். கரி வந்தபோது கரிப்புகையும் உடன் வந்தது. கல்கத்தாவுக்கும் ஹௌராவுக்கும் உரிய புகைத் தடைச் சட்டம் 1863-லேயே பிறந்தது. அது போதாமையால் 1905-இல் வங்கப் புகைத் தொல்லைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் இச்சட்டங்களின் கண் ஆலைகளின் புகைபோக்கிகள் மீதும் நீராவி எந்திரங்களின் உலைகள் மீதும் படிந்ததே அன்றி, வீட்டு உனுன் மீது படியவில்லை. இலட்சக்கணக்கான அடுப்புகளுக்கு ஆய்வாளரை எங்ஙனம் அனுப்புவது? ஏழை வேறு எதைக்கொண்டு சமைப்பான்? இவ்விரு கேள்விகளுக்கும் அரசிடம் விடை இல்லை.

விடையின் ஒரு பகுதி சுரங்கப் பக்கத்திலிருந்து வந்தது. பச்சை நிலக்கரியை முன்னதாகவே வேகவைத்து, புகைக்குக் காரணமான பொருள்களைப் போக்கிய ‘மென்கோக்’ என்னும் கரி அடுக்களைக்கு ஏற்றதெனக் கண்டனர். அதனை வீடுகளில் பரப்புவதற்கென்றே 1929-இல் இந்திய மென்கோக் தீர்வைச் சட்டம் நிறைவேறியது. எனினும் இந்நகரத்துக் குளிர்கால மாலைகளில் தெருவின்மேல் தாழ்ந்து படிந்த அடுப்புப் புகை, அதன்பின் பல்லாண்டுகள் நீங்கவில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த மூத்த தலைமுறையினர் எவரைக் கேட்டாலும், மாலை ஐந்து மணிக்குக் கண்ணைக் கரித்த அப்புகையை இன்றும் சொல்வர்.

மண்ணின் மதிப்பு

இனி, மண்ணுக்கும் இரும்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். வெறும் தகரத்தாலோ இரும்பாலோ ஆன அடுப்பில் தணலின் வெப்பம் சுவரின் வழியே எளிதில் வெளியேறிவிடும். பாத்திரத்தைச் சுடவேண்டிய நெருப்பு சமைப்பவரைச் சுடும். சுட்ட மண்ணோ வெப்பத்தை விரைவில் கடத்தாது. மண்ணில் உமி கலந்தால், உமி எரிந்து அல்லது மக்கி நுண்ணிய வெற்றிடங்களை விட்டுச்செல்லும். அவ்வெற்றிடத்துக் காற்று வெப்பத்தை இன்னும் தடுக்கும். சூடேறிய மண்சுவர் தணலை நோக்கி வெப்பத்தை மீண்டும் வீசுவதால், குறைந்த கரியிலும் நெருப்பு அணையாமல் நிற்கும். மண்ணின் குறை யாதெனில், அது கனமானது, விழுந்தால் உடையும், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்கினால் விரிசல் காணும்.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கே. ஒரு தகர அடுப்பின் விலை 100 ரூபாய். நாளொன்றுக்கு 1 கிலோ கரி உண்கிறது. மண் உறையிட்ட மற்றோர் அடுப்பின் விலை 300 ரூபாய். அதே சமையலுக்கு 700 கிராம் கரி போதும். கரி கிலோ 40 ரூபாய் என்று கொண்டால், இரண்டாவது அடுப்பு நாள்தோறும் 12 ரூபாயை மிச்சப்படுத்தும். கூடுதலாகக் கொடுத்த 200 ரூபாய் 17 நாள்களில் திரும்பிவிடும். பதினெட்டாம் நாள் முதல் வருவதெல்லாம் ஆதாயம். ஓராண்டு உழைத்தால் நான்காயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆறே மாதத்தில் உடைந்து மீண்டும் வாங்க நேர்ந்தாலும் இழப்பு இல்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாய் இருக்க, ஏழைகள் ஏன் தகர அடுப்பையே வாங்கினர்? அறியாமையால் அன்று. அன்று மாலை கையில் 100 ரூபாய் மட்டும் உள்ளவனுக்கு 300 ரூபாய் அடுப்பு இல்லாத அடுப்பே. முதலில்லாமை காரணமாக ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக அதிகம் செலுத்துவதுதான் வறுமையின் வட்டி. இவ்வட்டியிலிருந்து தப்புவதற்கு வங்கத்து ஏழைப் பெண் கண்ட வழிதான் பழைய வாளியும் ஆற்றுக் களிமண்ணும். நல்ல அடுப்பின் மதிப்பைத் தகர அடுப்பின் விலைக்கும் குறைவாகவே அவள் பெற்றாள்.

ஏழு ரின்

இதே கணக்கைப் பெயரிலேயே தாங்கிய அடுப்பு ஒன்று ஜப்பானில் உண்டு. அதற்கு ‘ஷிச்சிரின்’ என்று பெயர். ‘ஷிச்சி’ என்றால் ஏழு. ‘ரின்’ என்பது அந்நாட்டின் பழைய சிறுகாசு. ஒரு யென்னில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏழு ரின் விலையுள்ள கரியைக் கொண்டே சமையலை முடிக்கலாம் என்பதால் இப்பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் வழங்குகிறது. பெயர்க் காரணம் எதுவாயினும், அடுப்பை அதன் விலையால் குறிக்காமல் அது உண்ணும் கரியின் விலையால் குறித்த நுண்மை பாராட்டத்தக்கது.

நோட்டோ தீபகற்பத்தில் சுசு என்னும் ஊரைச் சுற்றிலும் இதற்கேற்ற மண் உள்ளது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் ஓடுகள் பல ஊழிகளாகப் படிந்து உண்டான மண் அது. எண்ணற்ற நுண்துளைகளை உடையது. அதனைக் கட்டியாக வெட்டியெடுத்து, உளியால் குடைந்து, சூளையில் சுடுகின்றனர். இரும்பு வாளியும் உமியும் இல்லாமலே, இயற்கையே துளைகளைத் தந்துவிட்டது. 2024 சனவரி முதல் நாளன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் சுசு பெருஞ்சேதமுற்றது. பட்டறைகளும் சூளைகளும் சிதைந்தன. ஒரு கைத்தொழிலின் மதிப்பு, அது ஆட்டங்காணும்போதுதான் உலகுக்குத் தெரிகிறது.

இந்தியத் தொழிலாளரும் ஆப்பிரிக்க அடுப்பும்

புலம்பெயர்ந்து வாழும் நமக்குச் சிறப்பாக உரிய கதை கென்யாவில் உள்ளது. அங்குக் கரியடுப்பை ‘ஜிகோ’ என்பர். சுவாகிலி மொழியில் அச்சொல் அடுப்பையும் அடுக்களையையும் குறிக்கும். தகரத்தால் செய்த பழைய ஜிகோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உகாண்டா இருப்புப் பாதை அமைக்கச் சென்ற இந்தியத் தொழிலாளரோடு அந்நாட்டுக்குச் சென்றதாகச் சொல்வர். பாதை போட்டவர்கள் பலர் திரும்பிவிட்டனர். அவர்களுடைய அடுப்போ அங்கேயே குடியேறிவிட்டது.

அத்தகர அடுப்பு கரியை மிகுதியாக உண்டது. 1980-களின் தொடக்கத்தில் நைரோபி நகரக் கரிச்செலவைக் குறைக்க வழி தேடியவர்கள் தாய்லாந்தின் வாளியடுப்பைக் கண்டனர். வெளியே தகர வாளி, உள்ளே சுட்ட மண், இடையே உமிச்சாம்பல் என்பது அதன் அமைப்பு. நம் தோலா உனுனை அறிந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அதனைத் தழுவிச் செய்த முதல் வடிவங்கள் கென்ய மக்களுக்குப் பொருந்தவில்லை. களி கிண்டும் பாத்திரம் அசையாமல் நிற்கவேண்டும். மண் உறை விரைவில் வெடித்துவிடக் கூடாது. பயன்படுத்திய பெண்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்திய பின்னர், உடுக்கை போல் இடை சிறுத்த வடிவம் பிறந்தது. மேற்பாதியில் மட்டும் மண் உறை. கீழ்ப்பாதி அகன்று நிலையாக நிற்கும். இதுவே ‘கென்யா செராமிக் ஜிகோ’ என்று உலகப் புகழ் பெற்றது.

இவ்வடுப்பின் விலை வரலாறு கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் ஏறத்தாழ 15 டாலர் விலைக்கு விற்றது, வாங்கியோர் சிலரே. செய்முறையை ஒருவரும் தமக்கென்று பூட்டிவைக்கவில்லை. நைரோபியின் ஷௌரி மோயோத் தகரப் பட்டறைக்காரர்கள் அதனைக் கற்றுக்கொண்டனர், குயவர்கள் உறைகளைச் சுட்டுத் தந்தனர், போட்டி மிகுந்தது. பத்தாண்டுகளில் விலை சில டாலர் அளவுக்கு இறங்கியது. 1990-களின் நடுவில் இலட்சக்கணக்கான வீடுகளில் அது எரிந்தது. பழைய தகர அடுப்பைவிட மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கரி மிச்சமாயிற்று என்று கணக்கிட்டனர். இந்தியர் கொண்டுசென்ற தகரத்துக்குள் ஆப்பிரிக்கர் மண்ணை வைத்தனர். அதே இணைப்பை வங்கப் பெண்கள் தம் வீட்டு முற்றத்தில் செய்துகொண்டிருந்தனர் என்பதை எண்ணும்போது, அறிவு எந்த ஒரு நாட்டாரின் தனிச்சொத்தும் அன்று என்பது புலனாகிறது.

விலை ஏறிய அடுப்பு

கென்யாவில் விலை இறங்கியது, அமெரிக்காவில் ஏறியது. ஜப்பானில் சோறு சமைக்க உதவிய மூடியுள்ள மண் கரியடுப்பை, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் கண்டு விரும்பித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். ‘கமாடோ’ என்று அதனை அழைத்தனர். அச்சொல்லுக்கும் ஜப்பானிய மொழியில் அடுப்பு என்றே பொருள். 1974-இல் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் தொடங்கிய ‘பிக் கிரீன் எக்’ நிறுவனம், பச்சை மெருகிட்ட முட்டை வடிவில் அதனை விற்றுப் பெயர் பெற்றது. இறைச்சி வாட்டுவதற்கான இவ்வடுப்புகளில் பெரியவை ஆயிரம் டாலரைத் தாண்டுவதுண்டு. கையால் தூக்கத்தக்க சிறியவையும் நூற்றுக்கணக்கான டாலர் விலையுடையன.

அவ்விலைக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? பல ஆண்டுகள் வெப்பத்தைத் தாங்கும் உயர்ந்த பீங்கான் மண். காற்றுப் புகாத மூடி. காற்றை நூலிழையளவில் கூட்டிக் குறைக்கும் கதவுகள். ஒருமுறை இட்ட கரியில் பல மணி நேரம் ஒரே சீராக நிற்கும் சூடு. இவை மெய்யான மதிப்புகள்தாம். ஆயினும் அடிப்படை வேறன்று: வெப்பத்தைக் காக்கும் மண், கீழே காற்றுக்கு ஒரு வாய். குமுட்டியின் வாயை அடைத்துத் தணலை அடக்கிய நம் பாட்டிமார் அந்நுட்பத்தை அறிந்தேயிருந்தனர். விடுமுறை நாளில் மகிழ்ச்சிக்காகச் சமைப்பவர் கொடுக்கும் விலையையும், நாள்தோறும் வயிற்றுக்காகச் சமைப்பவர் கொடுக்கும் விலையையும் ஒரே கோலால் அளத்தல் தகாது.

இலவச அடுப்பின் பாடம்

விலையை முற்றும் நீக்கிவிட்டால் மதிப்பு தானே வந்துவிடுமா? நம் நாட்டு வரலாறு இதற்கும் விடை கூறுகிறது. ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வகுத்து, புகையில்லா அடுக்களையை வற்புறுத்தும் நூலொன்றை 1953-இல் வெளியிட்டார். 1980-களில் நடுவண் அரசு தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்தது. மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் மானியத்தில் வழங்கப்பட்டன. அவற்றுட் பல சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டன.

ஏன் என்பதை ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாக்கிற்று. ரெமா ஹன்னா, எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் அதன் முடிவை 2012-இல் வெளியிட்டனர். டூஃப்ளோ, இந்நகரத்துப் பிரசிடென்சிக் கல்லூரியில் பயின்ற அபிஜித் பானர்ஜியுடன் 2019-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஏறத்தாழ பன்னிரண்டரை டாலர் அடக்கமுள்ள அடுப்பை, ஒரு டாலருக்கும் குறைந்த தொகைக்குக் கிராமத்தார் பெற்றனர். முதலாண்டில் சமைப்பவர் உள்ளிழுத்த புகை குறைந்தது. அதன்பின் அந்நன்மை மறைந்தது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, விரிசலைச் செப்பனிடவில்லை, புகைபோக்கியைத் தூய்மை செய்யவில்லை. தங்கள் சமையலுக்குப் பொருந்தாததைப் பேணுவதற்கு மக்களிடம் நேரம் இல்லை.

இலங்கையில் 1986 முதல் பரவிய ‘அனகி’ என்னும் இரட்டை மண்ணடுப்பு இதற்கு மாறான சான்று. விறகில் எரிவது; கிராமக் குயவர்கள் செய்து சந்தையில் விலைக்கு விற்பது. ‘அனகி’ என்னும் சிங்களச் சொல்லுக்கே அருமையானது, விலைமதிப்பற்றது என்று பொருள். இலட்சக்கணக்கான வீடுகள் தம் காசு கொடுத்து அதனை வாங்கின. உடைந்தால் மற்றொன்று அடுத்த சந்தையில் கிடைக்கும். தோலா உனுனும் இவ்வாறே நிலைத்தது: மண் உறை வெடித்தால் அன்று மாலையே ஒரு கைப்பிடி களிமண்ணால் அடைத்துவிடலாம். செப்பனிடத்தக்கதாய் இருத்தல் மதிப்பின் ஒரு பெருங்கூறு.

மூன்றாவது கணக்கு

இதுகாறும் இரண்டு கணக்குகளைக் கண்டோம்: ஒன்று எரிபொருள், மற்றொன்று செப்பனிடுதல். மூன்றாவது கணக்கொன்று உண்டு. நெடுங்காலம் எவரும் அதனை ஏட்டில் ஏற்றவில்லை. அது சமைப்பவரின் மூச்சுக் கணக்கு. வீட்டினுள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மரக்கரி புகையைக் குறைவாகவே எழுப்பும். ஆனால் நிறமும் மணமும் இல்லாத நஞ்சாகிய கரி ஓராக்சைடை வெளியிடும். குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் எழாமற்போன செய்திகள் வட இந்தியக் குளிர்காலத்தில் ஆண்டுதோறும் வருகின்றன. எவ்வளவு நல்ல மண்ணும் இந்நஞ்சைத் தடுக்காது. திறந்த காற்று ஒன்றே காப்பு.

இம்மூன்றாவது கணக்கே இறுதியில் கரியடுப்பை வீட்டை விட்டு வெளியேற்றியது. 1857-லேயே நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்த இந்நகரத்தில்தான், 1965 அக்டோபர் 22-ஆம் நாள் இண்டேன் சமையல் எரிவாயுவின் முதல் இணைப்பும் வழங்கப்பட்டது. நடுத்தரக் குடும்பங்கள் மெல்ல மெல்ல உருளைக்கு மாறின. அவற்றோடு லேக் மார்க்கெட்டுப் பகுதித் தமிழ் இல்லங்களும் மாறின. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களுக்கும் இணைப்பை எட்டச் செய்தது. ஆயினும் அங்கும் பழைய பாடமே: இணைப்பு கைக்கு வந்தாலும் மறு உருளை வாங்கும் பணம் மாதந்தோறும் வேண்டும். விலை ஒருமுறை என்றும், செலவு நாள்தோறும் என்றும் தொடக்கத்தில் கண்ட உண்மை, அடுப்பு மாறினாலும் மாறவில்லை.

கரியடுப்பு இந்நகரத்தை விட்டு முற்றும் போய்விடவில்லை. மழைக்காலத்தில் சோளக்கதிர் வாட்டும் வணிகரின் முன்னும், மண்குவளையில் தேநீர் தரும் தெருக்கடையிலும் இன்னும் அது கனன்றுகொண்டிருக்கிறது. அதனை மீண்டும் வீட்டுக்குள் அழைக்க வேண்டுவதில்லை. ஆனால் அது கற்பித்த அளவுகோலை இழந்துவிடக் கூடாது. ஒரு பொருளை வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்: நாள்தோறும் அது எவ்வளவு உண்ணும்? பழுதுபட்டால் நம் கையால் செப்பனிட முடியுமா? அதனோடு பணிபுரிபவரின் உடலுக்கு அது என்ன செய்யும்? முதலிரண்டு கேள்விகளுக்கும் நம் முன்னோர் வாளியும் களிமண்ணும் கொண்டே நல்ல விடை கண்டனர். மூன்றாவதற்குரிய விலையை அடுப்பின் முன் அமர்ந்த பெண்களே தந்து தீர்த்தனர்.

நம் சங்கத்துக் குடும்பங்களில், உனுனை மூட்டிய கை இன்னும் நினைவோடு இருக்கும் மூதாட்டியர் சிலர் உள்ளனர். மண்ணில் எவ்வளவு உமி கலந்தனர், ஒரு மணங்கு கரி எத்தனை நாள் வந்தது, புகை அடங்க எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது நம் இளைஞர்க்கு உரிய பணி. ஏட்டில் ஏறாத அம்மூன்றாவது கணக்கை அவர்களன்றி வேறு எவர் சொல்ல வல்லார்?